சல்லடைக் கண்ணும் கிளிஞ்சல் மேடும்: கடலோரத் தொல்குடிகளின் அடுக்களைக் குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் முறை

டென்மார்க்கின் லிம்ஃப்யோர்டு கரையில் எர்டபோலெ என்று ஓர் ஊர். அங்கே ஒரு கிளிஞ்சல் மேடு, அதாவது பழங்குடிகள் தின்று எறிந்த ஓடும் எலும்பும் குவிந்த மேடு: நீளம் சுமார் 140 மீட்டர், அகலம் 20 மீட்டர் வரை, கனம் சில இடங்களில் 2 மீட்டரை ஒட்டி. 1890-களில் தோண்டியபோது சிப்பி ஓடும் மான், காட்டுப்பன்றி எலும்பும் கற்கருவிகளும் குவியல் குவியலாக வந்தன. அந்த ஊரின் பெயரையே கி.மு. 5400 முதல் 3950 வரையிலான ஒரு பண்பாட்டுக்கு வைத்துவிட்டார்கள். 1979-க்கும் 1984-க்கும் இடையில் அதே மேட்டை மறுபடி தோண்டி, மண்ணை நுண்கண் சல்லடையில் சலித்தார்கள். மீன் முட்களை ஆராய்ந்த டேனிய ஆய்வாளர் இங்கெ போட்கர் எங்ஹோஃப் சொன்ன முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கடலை ஒட்டிய மேட்டில் கிடந்த மீன்களில் பெரும்பங்கு நன்னீர் மீன்கள். கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன்களும் விலாங்கும்தான் அதிகம்.

சிப்பி ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் மீனுக்கு நன்னீரைத் தேடிப் போயிருக்கிறார்கள். சல்லடைக் கண் பெரிதாக இருந்திருந்தால் இந்தச் செய்தி மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். கிளிஞ்சல் மேட்டு அகழாய்வில் எது கிடைக்கும் என்பதைத் தோண்டும் கையைவிடச் சல்லடைதான் அதிகம் தீர்மானிக்கிறது. கீழே சொல்லும் முறை முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது: பெரிய குழி வேண்டாம், சிறிய மாதிரி, ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டும். முதன்முறை கிளிஞ்சல் மேட்டில் இறங்கும் தொல்லியல் மாணவர்களையும் கள உதவியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

அனுமதியைப் பற்றி ஒரே வார்த்தை. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி தொல்லியல் துறையின் உரிமம் இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது. இலங்கையில் 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதையே சொல்கிறது. உரிமம் இல்லாதவர்கள் அடுத்த பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மேற்பரப்பைப் பார்த்துப் பதிவுசெய்வதற்கே நிறைய வேலை இருக்கிறது.

இது மனிதர் போட்ட குப்பையா, கடல் போட்டதா?

பலர் சறுக்கும் இடம் இதுதான். கடலோரத்தில் கிளிஞ்சல் அடுக்கு என்பது அபூர்வமே இல்லை. இலங்கையின் அம்பாந்தோட்டைக் கரையில் பழைய கடல்மட்டம் விட்டுச் சென்ற இயற்கைக் கிளிஞ்சல் படுகைகள் இருக்கின்றன. அதே வட்டாரத்தில்தான் பல்லேமலல, மினிஅத்திலிய ஆகிய வரலாற்றுக்கு முந்திய கிளிஞ்சல் மேடுகளும் மனித எலும்புக்கூடுகளோடு கிடைத்தன. இரண்டும் ஒரே கரையில் இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கரையில் இன்னொரு குழப்பம்: சுண்ணாம்புக் காளவாய்க்காக அள்ளிக் குவித்து, பிறகு கைவிடப்பட்ட கிளிஞ்சல் குவியல். அது நேற்றையது.

ஒரு முறமளவு ஓட்டை அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். கடல் ஒதுக்கிய அடுக்கில் நகக்கண் அளவுக் குஞ்சு முதல் முதிர்ந்தது வரை எல்லா அளவும் இருக்கும். சாப்பிடவே முடியாத சின்னஞ்சிறு நத்தைகள், பவளத் துணுக்குகள், அலையில் உருண்டு முனை மழுங்கிய ஓடுகள் கலந்திருக்கும். மனிதர் பொறுக்கி வந்ததில் இனங்கள் சில மட்டுமே, அளவும் பெரும்பாலும் தின்னத் தகுந்தது. இரண்டு மடலும், அதாவது ஓட்டின் இரு பாதிகளும், மூடியபடியே மண்ணில் நட்டுக்கொண்டு நிற்கும் மட்டிகள் நிறைய இருந்தால் அவை பிறந்து வளர்ந்த இடத்திலேயே செத்தவை. சமைத்த மட்டி வாயைத் திறந்துவிடும். மடல்கள் பிரிந்தே கிடக்கும்.

அடுத்து ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். கொட்டலசும் குழாய்ப் புழுவும் உயிருள்ள சிப்பியின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டும். உட்பக்கத்தில் கொட்டலசு ஒட்டியிருந்தால், உள்ளிருந்த உயிர் செத்த பிறகும் அந்த ஓடு கடலில் கிடந்திருக்கிறது. அதை யாரும் தின்பதற்காக எடுத்திருக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு அப்படிக் கிடைப்பது இயல்பு, ஓட்டைக் கருவிக்காகவும் பொறுக்கி வந்திருப்பார்கள். பாதிக்குமேல் அப்படி என்றால் அது கடற்கரை.

கரி, நெருப்பில் வெந்து சாம்பல் நிறமான ஓடு, மீன் முள், உடைத்த கல் ஆகியவை அடுக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் கிடந்தால் அவை சாட்சியாகாது. ஆஸ்திரேலியாவின் வெய்ப்பாவில் நூற்றுக்கணக்கான மட்டி மேடுகள் இருக்கின்றன. சில 10 மீட்டரைத் தொடும் உயரம். அவற்றை மண்ணைக் குவித்து முட்டையிடும் ஒரு காட்டுப் பறவைதான் கட்டியது என்று 1980-களின் இறுதியில் ஒரு வாதம் எழுந்தது. கரியும் கருவிகளும் எந்த அடுக்கில், எப்படி அமர்ந்திருக்கின்றன என்று காட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் சந்தேகமே இல்லாத மேட்டிலும் இந்தச் சாட்சிகளை எழுதி வையுங்கள்.

மேடு எங்கே தெரிகிறது என்பதிலும் ஒரு சூது உண்டு. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. இன்றைய மட்டத்தை ஒட்டி வந்தது சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முந்திய கரைக்குடிகளின் குப்பை பெரும்பாலும் நீருக்கடியில். டென்மார்க்கின் வடபகுதியில் பனிச்சுமை நீங்கி நிலம் எழுந்ததால் மேடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன; தெற்கே அதே பண்பாட்டின் ட்யூப்ரின் விக் குடியிருப்பை 1978 முதல் 1987 வரை முக்குளித்துத்தான் தோண்டினார்கள். ஒரு கரையில் மேடு இல்லை என்றால் அங்கே ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

தூண் மாதிரி எடுப்பது

ஏற்கெனவே அறுந்து நிற்கும் பக்கம், அதாவது ஓடை அரித்தது, சாலைக்கு வெட்டியது, சுண்ணாம்புக்காரர்கள் தோண்டியது, இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். சுவரைச் சாந்துக்கரண்டியால் செங்குத்தாகச் சீவி, தூரிகையால் துடைத்து, ஒளிப்படம் எடுத்து, 1:10 அளவில் வரையுங்கள். வரைந்து முடிக்காமல் மாதிரி எடுக்கக் கூடாது.

வரையும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று கேள்வி. ஓடு ஓட்டின்மேல் தாங்கி நிற்கிறதா, மண்ணுக்குள் மிதக்கிறதா? ஓடு முழுசா, நொறுங்கலா? எந்த இனம் மேலோங்குகிறது? ஓடு ஓட்டின்மேல் நின்று, நடுவே மண் இல்லாமல், முழுசாக இருந்தால் ஒரே மூச்சில் கொட்டிய குப்பை. தூள்தூளாக நொறுங்கி மண்ணோடு இறுகியிருந்தால் அதன்மேல் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். டேனிய மேடுகள் பலவும் தூரத்தில் ஒரே குவியலாகத் தெரிந்தாலும், அருகில் பார்த்தால் நூற்றுக்கணக்கான சிறு குவியல்களும் அடுப்பிடங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை. ஒரு சாப்பாட்டின் மிச்சம் ஒரு விரல் கனத்தில் கிடக்கலாம்.

மண் கலக்காத ஓட்டு அடுக்கு நெல் குவியலைப் போலச் சரியும். ஒரு மீட்டருக்குமேல் செங்குத்தாக விடவே விடாதீர்கள். படிக்கட்டு வெட்டி இறங்குங்கள். விளிம்பில் ஆள் நிற்கக் கூடாது. கைத்துளைப்பானும் இங்கே அவ்வளவு உதவாது; ஓட்டில் முட்டி நிற்கும், முட்டாவிட்டால் ஓட்டை அரைத்துவிடும். மேட்டின் பரப்பையும் ஆழத்தையும் அறிய மட்டும் அதைப் பயன்படுத்தலாம், எண்ணிக்கைக்கு ஆகாது.

மேட்டின் உச்சியிலிருந்து அடிவரை தூண் வடிவில் வெட்டி எடுக்கும் மண்தான் தூண் மாதிரி. தூணின் குறுக்களவு 25 × 25 செ.மீ. போதும். இருபுறமும் பள்ளம் வெட்டித் தூணைத் தனியே நிற்க வைத்து, மேலிருந்து கீழே எடுங்கள். இயற்கை அடுக்கு தெளிவாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஓர் அடுக்கு 10 செ.மீ.க்குமேல் தடித்தால் உள்ளேயே 5 அல்லது 10 செ.மீ. தட்டுகளாகப் பிரியுங்கள். 10 செ.மீ. தட்டு ஒன்று 6.25 லிட்டர், ஒரு நடுத்தர வாளிக்குள் அடங்கும். அளவு குறித்த வாளியில் கொட்டி லிட்டரையும், தராசில் எடையையும் அங்கேயே எழுதுங்கள். பிறகு எந்தத் தட்டில் ஓடு அடர்த்தி, எந்தத் தட்டில் குறைவு என்று ஒப்பிட இந்த லிட்டர் கணக்கு ஒன்றுதான் கை கொடுக்கும். எழுத மறந்தால் திரும்பப் பெற வழியே கிடையாது.

ஒரு மேட்டுக்கு ஒரு தூண் போதாது. விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று, அடுப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும். ஓடு குவிந்த இடத்தில் மீன் முள் குறைவாகவும், அடுப்பைச் சுற்றி அதிகமாகவும் இருப்பது வழக்கம். ஒற்றைத் தூணை நம்பினால் அது நின்ற இடத்தின் கதையை மேடு முழுவதற்கும் ஏற்றிவிடுவீர்கள். மாறாக, தூண் மட்டுமே எடுத்தால் தூண்டிலும் எலும்பு முனையும் போன்ற அரிய பொருள்கள் தவறும். அவற்றுக்காகப் பக்கத்தில் 1 × 1 மீட்டர் குழி ஒன்று தனியே தோண்டி 4 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். இரண்டின் கணக்கையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.

மனித எலும்பு தலைகாட்டினால் அந்த இடத்தில் வேலை நிற்க வேண்டும். கிளிஞ்சல் மேட்டில் அடக்கம் செய்வது உலகெங்கும் உண்டு. பிரான்சின் பிரித்தானி கரையில் தெவியெக், ஓடிக் தீவுகளில் 1928-க்கும் 1934-க்கும் இடையில் கிடைத்தவை பேர்பெற்றவை. மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் குவார் கெப்பா மேட்டில் 2017-ல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது, அதுவும் கட்டட வேலையின்போது. உடற்கூற்றியலாளர் வரும்வரை ஈர மணலால் மூடி நிழல் கட்டி வையுங்கள்.

சலிப்பது

10, 4, 2, 1 மி.மீ. ஆகிய நான்கு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உலர்ந்த மண்ணைக் குலுக்கிச் சலிப்பது இங்கே வேண்டாம். ஓட்டின் கூர்முனை மீன் முள்ளை அரைத்துவிடும். தண்ணீர்ச் சலிப்புதான் சரி.

தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொரு தட்டிலிருந்தும் அரை லிட்டர் மண்ணைத் தொடாமல் தனிப் பையில் எடுத்து வையுங்கள், பின்னால் மண் ஆய்வுக்கு ஆகும். காலக்கணிப்புக்கான கரியும் ஓடும் அப்போதே, இடுக்கியால், அலுமினியத் தாளில். மீதியை ஒரு வாளித் தண்ணீரில் மெல்லக் கவிழ்த்து, கையால் கலக்கி, மிதந்து வரும் கரியையும் விதையையும் 0.5 மி.மீ. வலையில் வடியுங்கள். அடியில் தங்கியதைச் சல்லடை அடுக்கில் ஊற்றி, பூவாளி போன்ற மெல்லிய தாரையால் கழுவுங்கள். குழாயை நேராகப் பீய்ச்சினால் நெத்திலி முள் தெறித்துப் போகும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது என்று கடல்நீரில் கழுவுவார்கள். அவசரத்துக்குச் செய்யலாம், ஆனால் கடைசி இரண்டு அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போன உப்பு உலரும்போது படிகமாகி எலும்பையும் ஓட்டையும் செதில் செதிலாக உரிக்கும். இது ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியவரும். உலர்த்துவது நிழலில், பழைய செய்தித்தாளின்மேல். வெயிலில் போட்டால் மீன் முள் முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

சல்லடைக் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை. இன்று சந்தையில் வாங்கிய நெத்திலியையும் மத்தியையும் வேகவைத்துச் சதையைக் கழற்றி முள்ளை மட்டும் 6 மி.மீ. சல்லடையில் போடுங்கள். முதுகெலும்புத் துண்டுகள் ஏறக்குறைய அத்தனையும் கீழே விழும். நெத்திலியின் துண்டு 2 மி.மீ.யிலும் பெரும்பாலும் தப்பிவிடும். மேலே நிற்பது கெளுத்தியின் முள்ளும் கொடுவாயின் தாடையும் சுறாவின் முதுகெலும்பு வட்டும்தான். அந்தச் சல்லடையை வைத்து அறிக்கை எழுதினால், ‘இவர்கள் பெரிய மீனைத் தூண்டிலிட்டும் ஈட்டியால் குத்தியும் பிடித்தார்கள், வலை அறியாதவர்கள்’ என்று வரும். வலை வீசிய ஊரை வலை இல்லாத ஊராக்கிவிடுவோம்.

10 மி.மீ.யிலும் 4 மி.மீ.யிலும் நின்றது முழுவதையும் பிரியுங்கள். 2 மி.மீ.யில் நின்றதைக் கூம்பாகக் குவித்து நாலாகப் பிளந்து, எதிரெதிர்க் கால்பகுதிகளைச் சேர்த்து, பாதியை மட்டும் பார்த்தால் போதும். அள்ளி எடுத்தால் கனமானவை கீழே தங்கி மாதிரி கோணலாகும். 1 மி.மீ.யில் ஒரு கைப்பிடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மீன் முள் தென்பட்டால் அதையும் பிரிக்க வேண்டியதுதான், தப்பிக்க வழியில்லை. தோண்டுவதற்கு ஒரு நாள் ஆனால் பிரிப்பதற்குப் பல வாரம் ஆகும் என்று நேரத்தை ஒதுக்கிவிட்டே தோண்டப் போங்கள். பிரிக்காத வாளிகள் கிடங்கில் உறங்குவதுதான் இந்தத் துறையின் பெரிய நோய்.

எண்ணுவது

உள்ளூர்க் கரையில் இன்று கிடைக்கும் ஒவ்வொரு மட்டி, சிப்பி, நத்தையிலும் பத்துப் பத்து, வெவ்வேறு அளவில், பொறுக்கி வந்து கொதிக்கவைத்துச் சதை நீக்கி ஒப்பீட்டுத் தொகுப்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். மீனுக்கும் அப்படியே. புத்தகப் படத்தை வைத்து உடைந்த துண்டை இனம் காண முயன்றால் தவறு நிச்சயம். பெயர் எழுதும்போது உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரும் இருக்கட்டும். ‘சிப்பி’ என்று ஓர் ஊரில் சொல்வதை அடுத்த ஊரில் வேறு உயிருக்குச் சொல்வார்கள்.

இருமடல் ஓட்டில் எண்ண வேண்டியது கீலின் உச்சி மட்டும். அந்தப் பகுதி இல்லாத துண்டுகளை எடை மட்டும் போடுங்கள். இட மடலையும் வல மடலையும் தனித்தனியாக எண்ணுங்கள். மட்டியை உட்பக்கம் உங்களைப் பார்க்க, கீல் மேலே வரும்படி பிடியுங்கள். சதை ஒட்டியிருந்த கோடு ஒரு பக்கத்தில் நாக்குப் போல உள்வாங்கும். அந்த உள்வளைவு உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் இட மடல், வலக்கைப் பக்கம் இருந்தால் வல மடல். உள்வளைவே இல்லாத இரத்தச் சிப்பி போன்றவற்றுக்கு ஒப்பீட்டுத் தொகுப்பில் இட, வல மடல்களை ஒட்டி வைத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. எண்ணிக்கை அதிகமாக வந்த பக்கமே குறைந்தபட்ச உயிரி எண்ணிக்கை.

இந்த எண்ணிக்கையில் ஒரு பொறி உண்டு. முதல் தட்டில் இடம் 30, வலம் 20. இரண்டாம் தட்டில் இடம் 18, வலம் 27 என்று வையுங்கள். தட்டுத் தட்டாகக் கணக்கிட்டால் 30-உம் 27-உம் சேர்ந்து 57. இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் இடம் 48, வலம் 47, விடை 48. அதே ஓடுகள், ஒன்பது மட்டி வித்தியாசம். எந்த அலகில் எண்ணினீர்கள் என்று எழுதாத எண் எதற்கும் உதவாது. இரண்டு மேடுகளை ஒப்பிட வேண்டுமானால் மூல எண்ணிக்கையான இடம், வலம் இரண்டையும் வெளியிடுங்கள்.

பாறைச் சிப்பியில் இன்னொரு சங்கடம். குழிந்த மடல்தான் பாறையோடு ஒட்டியிருப்பது. பாறையிலேயே திறந்து சதையைச் சுரண்டி வந்திருந்தால் மேட்டில் சிப்பியே தெரியாது. தட்டை மடலைப் பெயர்த்துச் சதையோடு தூக்கி வந்திருந்தால் தட்டை மடல் மட்டும் குவிந்திருக்கும். இட வல எண்ணிக்கை பெரிதாக வேறுபட்டால் அது எண்ணுபவரின் பிழையா, பொறுக்கியவரின் பழக்கமா என்று முதலில் பாருங்கள்.

நத்தை, சங்கு வகைக்கு ஒரே ஒரு உறுப்பைத் தேர்ந்து அதையே எண்ணுங்கள். வழக்கமாக நுனிக் கூம்பு. ஆனால் கண்டல் காட்டு ஊரி போன்ற நீண்ட நத்தைகளின் நுனியைத் தட்டி உடைத்துச் சதையை உறிஞ்சும் பழக்கம் பல கரைகளில் உண்டு. நுனி உடைத்த இடத்திலேயே விழுந்திருக்கும். அங்கே வாய்ப்பகுதியை எண்ணுவதே சரி. உடைந்த நுனிகளைத் தனியே எண்ணி வையுங்கள், அது சமையல் முறைக்கான சாட்சி. நண்டுக்குக் கொடுக்கின் அசையும் விரல், இடம் வலம் பிரித்து. கடல்முள்ளிக்குத் தாடை, ஒரு கடல்முள்ளியில் பத்து அரைத்தாடைகள் உண்டு, எனவே மொத்தத்தைப் பத்தால் வகுத்து மேலே முழுமையாக்குங்கள்.

ஓட்டில் துளை இருந்தால் உடனே மணிமாலை என்று குதிக்க வேண்டாம். ஊனுண்ணி நத்தை போடும் துளை கச்சிதமான வட்டம். வெளிவாய் அகன்று உள்வாய் குறுகி, சாய்வான விளிம்போடு, பெரும்பாலும் கீலுக்கு அருகே. மனிதர் குத்திய துளையில் விளிம்பு கரடுமுரடாக, உட்பக்கமோ வெளிப்பக்கமோ செதில் தெறித்திருக்கும். தொங்கவிட்டிருந்தால் ஒரு பக்கம் நூல் தேய்ந்த பளபளப்பு தெரியும்.

எடை மட்டும் போட்டுச் சதைக் கணக்குக்குத் தாவுவது எளிய வழி, ஆபத்தான வழியும்கூட. மழைநீர் மேல் அடுக்கின் சுண்ணாம்பைக் கரைத்துவிடுகிறது. மெல்லிய ஓடுகள் முதலில் போகும், தடித்தவை நிற்கும். மேல் அடுக்கில் தடித்த ஓடுகளே இருப்பதைப் பார்த்து ஆட்கள் விருப்பம் மாறியது என்று எழுதுமுன், அங்கிருக்கும் ஓட்டின் மேற்பரப்பு மாவு போலத் தேய்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அளவு எடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓர் இனத்துக்கு ஓர் அடுக்கில் 100 ஓட்டுக்காவது நீளத்தை வெர்னியரில் 0.1 மி.மீ. வரை அளந்து எழுதுங்கள். அடியிலிருந்து மேலே வரவர அளவு சிறுத்துக்கொண்டே போனால், கூடவே வளர்ச்சிக் கோடுகளின்படி வயதும் குறைந்தால், அளவுக்குமீறிப் பொறுக்கியிருக்கிறார்கள். அளவு மட்டும் சிறுத்து வயது குறையாவிட்டால் கடல் மாறியிருக்கிறது: உப்பளவோ சேறோ வெப்பமோ.

மீன் முள்

முதுகெலும்பு, தாடை, செவிக்கல் ஆகிய மூன்றையும் பிரித்து இனம் காணுங்கள். கெளுத்தியின் செவிக்கல் கெட்டியானது, பெரியது. எந்த மண்ணிலும் நிற்கும். அதனால் கெளுத்தி எப்போதுமே கூடுதலாகத் தெரியும். கிளிமீனுக்குத் தொண்டைப் பல்தட்டு. சுறா, திருக்கைக்கு எலும்பே கிடையாது. சுண்ணாம்பேறிய முதுகெலும்பு வட்டும் பல்லும் வால்முள்ளும்தான் மிஞ்சும், ஆகவே அவை எப்போதுமே குறைத்துத் தெரியும். இந்த இரண்டு சாய்வையும் தெரிந்துகொண்டு எண்ணைப் படியுங்கள்.

காணாமற்போன எலும்பும் ஒரு தகவல்தான். 19-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் ஜபெட்டுஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப் மேடுகளில் பறவை எலும்பின் நடுத்தண்டு மட்டும் கிடைத்து முனைகள் இல்லாததைக் கவனித்து, நாய்களுக்கு எலும்பு போட்டுப் பார்த்தார். நாய் தின்று விட்டுவைத்தது அதே நடுத்தண்டு. மேட்டில் நாய் திரிந்தது அப்படித்தான் தெரிந்தது. மீன் முள்ளை நாய் முழுசாகவே விழுங்கிவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடு கண்ணை மறைக்கும் பொருள். தொல்லியலாளர் ஜெஃப் பெய்லி 1970-களில் போட்ட கணக்கில், ஒரு செம்மானின் இறைச்சி தரும் ஆற்றலுக்கு 50,000-க்கும் மேற்பட்ட சிப்பிகள் வேண்டும். ஒரு மானின் எலும்பு ஒரு கூடைக்குள் அடங்கும், அந்தச் சிப்பி ஓடோ ஒரு மேடு. ஆனால் இதை வைத்து மட்டி வெறும் பஞ்சகால உணவு என்று தள்ளுவதும் தவறு. வேட்டை பொய்த்த வாரத்தில் கிழவியும் குழந்தையும் கூடையோடு போய் நிச்சயமாக எடுத்து வரக்கூடியது அதுதான். எலும்புக்கூடு கிடைத்தால் அதன் கார்பன் ஓரிடத்தான் (ஐசோடோப்பு, ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) தனியே பேசும்: ஹென்ரிக் டௌபர் 1981-ல் டேனிய எலும்புகளை வைத்து, இடைக்கற்காலத்தவர் கடலை நம்பியும் புதிய கற்காலத்தவர் நிலத்தை நம்பியும் உண்டதைக் காட்டினார்.

எந்தப் பருவத்தில் பொறுக்கியது?

ஜப்பானில் கொய்கே ஹிரோகோ 1970-களின் இறுதியில் மட்டி ஓட்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். குளிர்காலத்தில் கோடுகள் நெருங்கும். அந்த நெருக்கத்திலிருந்து ஓட்டு விளிம்பு வரை எத்தனை கோடு என்றால், அத்தனை நாள் கழித்துப் பொறுக்கியது. குளிர் தெளிவான கரையில் இது அழகாக வேலை செய்யும்.

வெப்பமண்டலக் கரையில் அவ்வளவு எளிதல்ல. அங்கே ஆக்சிஜன் ஓரிடத்தானை நாடுவார்கள்: விளிம்பிலிருந்து பின்னோக்கி 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளியில் 12 முதல் 15 இடங்களில் நுண்துரப்பணத்தால் தூள் எடுத்து அளப்பது. நீர் சூடானால் ஆக்சிஜன்-18 குறையும். ஆனால் பருவமழை வெள்ளம் கழிமுகத்தில் இறங்கினாலும் அதே குறைவுதான் காட்டும். வெயிலா வெள்ளமா என்று ஓடு மட்டும் சொல்லாது. அதே கரையில் இன்றைக்கு வாழும் அதே இனத்தை மாதம் ஒருமுறை ஓராண்டு சேகரித்து, கூடவே நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வைத்தால்தான் படிக்க முடியும். ஓர் அடுக்குக்கு ஐந்து ஓட்டை அளந்துவிட்டு ‘கோடைக் குடியிருப்பு’ என்று முடிவு கட்டும் அறிக்கைகளை நம்பாதீர்கள். 20-க்குக் குறையாமல் வேண்டும்.

காலக்கணிப்பு

ஓட்டுக்கும் கரிக்கும் காலம் கணிப்பது கார்பன்-14 முறையில். கடலில் வாழும் உயிர் பழைய கார்பனையும் சேர்த்து உண்கிறது. அதனால் அதே நாளில் செத்த மட்டியும் மரக்கிளையும் அளவீட்டில் பல நூறு ஆண்டு வித்தியாசம் காட்டும். இதற்குக் கடல் அளவீட்டு வளைவும், அந்தக் கரைக்கென்று ‘டெல்டா ஆர்’ என்ற திருத்தமும் உண்டு. மரைன்20 வளைவு 2020-ல் வந்தது. அதற்குமுன் மரைன்13-ஐ வைத்துக் கணக்கிட்ட டெல்டா ஆர் மதிப்பை மரைன்20-உடன் சேர்த்துப் போட்டால் விடை பிழை. பழைய கட்டுரையிலிருந்து எண்ணை அப்படியே எடுக்கும்போது நடக்கும் தவறு இது.

எந்த ஓட்டை அனுப்புவது? நீரை வடிகட்டி உண்ணும் இருமடல்களே முதல் தேர்வு. சுண்ணாம்புப் பாறையைச் சுரண்டி மேயும் நத்தைகளும், கண்டல் சேற்றை உண்ணும் நத்தைகளும் பழைய கார்பனை உட்கொண்டு இன்னும் வயதாகத் தெரியும். ஓடு மறுபடிகமாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரகனைட்டும் கால்சைட்டும் ஓட்டுச் சுண்ணாம்பின் இரு படிக வடிவங்கள். அரகனைட் ஓடு நிலத்தடி நீரில் கால்சைட்டாக மாறினால் புதுக் கார்பன் புகுந்திருக்கும். ஃபைகல் கரைசல் என்னும் சோதனைச் சாயம் ஒரு சொட்டு விட்டால் அரகனைட் கருக்கும், கால்சைட் கருக்காது. பாறைச் சிப்பியின் ஓடு இயல்பிலேயே பெரும்பாலும் கால்சைட் என்பதால் இந்தச் சோதனை அதற்குச் செல்லாது.

கரியிலும் கண்ணி உண்டு. கடலோரத்தில் எரித்தது பெரும்பாலும் ஒதுங்கிய கட்டை. அந்த மரம் எப்போது செத்ததோ. கொட்டை ஓடு, சுள்ளி போன்ற குறுவாழ்வுப் பொருளையே தேர்ந்தெடுங்கள். ஒரே அடுப்பிலிருந்து சுள்ளிக் கரி ஒன்றும் மட்டி ஓடு ஒன்றும் ஜோடியாக அனுப்பினால் அந்தக் கரைக்கான திருத்தத்தையும் நீங்களே கணக்கிடலாம். மேட்டின் அடி, நடு, உச்சி மூன்றுக்கும் காலம் வேண்டும். அடிக்கு மட்டும் கணித்தால் மேடு எப்போது தொடங்கியது என்று தெரியும், இரண்டு தலைமுறையில் முடிந்ததா இரண்டாயிரம் ஆண்டு வளர்ந்ததா என்று தெரியாது.

வைத்துக் காப்பது

எல்லா ஓட்டையும் வைத்திருக்க எந்தக் கிடங்கிலும் இடமில்லை. அளந்து, எண்ணி, எடை போட்ட பெருங்குவியலை அனுமதி வாங்கிக் குழியிலேயே திருப்பிக் கொட்டலாம். அதற்குமுன் குழியின் அடியில் இந்த ஆண்டு நாணயம் ஒன்றையும் ஞெகிழித் தாளையும் விரித்துவிடுங்கள், அடுத்து வருபவர் கலைந்த மண்ணைத் தொல்மண் என்று நினைக்காமலிருக்க. ஆனால் மூன்று தூண்களில் ஒன்றை முழுவதுமாக, சலிக்காமல், தட்டு வாரியாக மூடி வைக்க வேண்டும். எர்டபோலெயை மறுபடி தோண்ட முடிந்தது அங்கே மேடு மிச்சமிருந்ததால்தான். நம் கரை மேடுகளில் பலவும் சுண்ணாம்புக்கும் இறால் பண்ணைக்கும் சாலைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு பையிலும் இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இடம், குழி, தூண், தட்டு, ஆழம், லிட்டர், சல்லடைக் கண், தேதி, எடுத்தவர் கையெழுத்து. எழுதுவது பென்சிலில். பேனா மை ஈரத்தில் பரவும், மார்க்கர் இரண்டு மழைக்காலத்தில் வெளுத்துவிடும். உள்ளே போடும் சீட்டைச் சிறு ஞெகிழி உறையில் போடுங்கள். வெறும் தாளாகப் போட்டால் வெள்ளிப்பூச்சி தின்றுவிடும், அதுவும் சரியாகத் தட்டு எண் எழுதிய மூலையிலிருந்து.